பெயிண்ட் அடிக்கிற பையனுக்குக் கணக்கு வராதுன்னு யார் சொன்னது?

நம்ம குமரி மாவட்டத்தில் எந்தக் கல்வி விழா நடந்தாலும் மேடையேறுபவர் முதலில் சொல்வது எழுத்தறிவு விகிதத்தைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தும் ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விடுகிற பையன்களை இந்த எண் காட்டாது. அவர்களில் பலர் வருவது இரண்டு இடங்களிலிருந்து: ஒன்று இலங்கைத் தமிழர் முகாம்கள், இன்னொன்று கடற்கரை. இரண்டுமே ஏதோ ஒரு சண்டையின் மிச்சத்தைச் சுமக்கிற இடங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் டியூஷன் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களிடம்தான் இந்தப் பதிவில் பேச விரும்புகிறேன். சரியாகாது. ஏற்கெனவே அவர்கள் கைக்குத் தெரிந்ததிலிருந்து, அல்லது கற்க ஆசைப்படுகிற ஒரு திறமையிலிருந்து படிப்பைத் தொடங்க வேண்டும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடவும் கூடாது.

முதலில் முகாமைப் பற்றி. பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம் என்று நம் மாவட்டத்தில் நான்கு இடங்களில் முகாம்கள் இருக்கின்றன. 2021ல் தமிழக அரசு இவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, புது வீடுகளும் அறிவித்தது, நல்ல காரியம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள், 1990ல் வந்தவர்கள், கடைசிப் போரின்போது வந்தவர்கள் என்று பல அலைகளாக மக்கள் படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். இப்போது முகாமில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தியக் குடிமக்கள் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019ல் வந்த திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையிடம் சொல்கிற வாக்குறுதியே 'நல்லா படி, நல்ல வேலைக்குப் போகலாம்' என்பதுதான். முகாம் பிள்ளை அதை எப்படி நம்பும்? அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வெளிநாடு போகலாம் என்றால் பாஸ்போர்ட் கிடையாது. பட்டம் வாங்கிய பக்கத்து வீட்டு அண்ணன் காலையில் பிரஷ்ஷும் ரோலரும் எடுத்துக்கொண்டு பெயிண்ட் வேலைக்குப் போவதை அது தினமும் பார்க்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் எங்கே போய்க் கேட்டாலும் ஆண்களில் நிறையப் பேருக்கு பெயிண்ட் வேலைதான். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிக்கிறவர்களும் அவர்களே. 'எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தானே போறம், அதுக்கு எதுக்கண்ணா பிளஸ் டூ?' என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். அவனிடம் திருப்பிச் சொல்ல என்னிடம் நேர்மையான பதில் எதுவும் இல்லை, இப்போதும் முழுசாக இல்லை.

எங்கள் மாலை வகுப்பு ஒரு சின்னக் கூடத்தில் நடக்கிறது. நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. அந்தத் தம்பி கணக்கில் தொடர்ந்து தோற்றவன். ஒருநாள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி, எவ்வளவு வேலை வரும் என்று கேட்டேன். நான் மனசுக்குள் கூட்டி முடிப்பதற்குள் 'சுவர் மட்டும் நானூத்தி நாப்பது' என்றான். கதவு ஜன்னலைக் கழிக்க வேண்டாமா என்றால், 'அதைக் கழிக்க மாட்டமண்ணா, அதுக்கு எனாமல் தனியா இருக்கு, கூலியும் தனி' என்கிறான். அப்புறம் பட்டி பார்க்க எவ்வளவு, பிரைமர் எவ்வளவு, ரெண்டு கோட் அடிக்க எத்தனை லிட்டர், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, உயரத்தால் பெருக்குவது. இது அப்படியே பள்ளிப் புத்தகத்தில் கனச்செவ்வகத்தின் பக்கப்பரப்பு என்று இருக்கிறது. அந்தப் பாடத்தில் அவனுக்கு ஒற்றை இலக்க மதிப்பெண்.

புத்தகத்தை அவன் முன்னால் விரித்து 'நீ இப்ப சொன்னதுதாம்ப்பா இது' என்று காட்டியபோது அவன் நம்பவில்லை. சூத்திரத்தை மறைத்துவிட்டு அடுத்த கணக்கைக் கொடுத்தோம், போட்டான். பிறகு கூரை, பிறகு வட்டத் தூண் (உருளையின் வளைபரப்பு, அதையும் அவர்கள் கயிறு சுற்றி அளந்து தெரிந்து வைத்திருக்கிறார்கள்). அதிலிருந்து விகிதம் வந்தது, ஸ்டெய்னர் (பெயிண்டுக்கு நிறம் கூட்டுகிற சாயம்) கலப்பதில் விகிதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பிறகு எழுத்து. ஒரு வீட்டுக்காரருக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுக்க வேண்டும், அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் எழுத வேண்டும். கட்டுரை எழுது என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எஸ்டிமேட்டை மூன்று தடவை திருத்தி எழுதினார்கள், ஏனென்றால் ஒரு வரி விட்டுப்போனால் கையிலிருந்து காசு போகும் என்று அவர்களுக்கே தெரியும்.

திறமை என்று சொன்னதும் பலருக்கு டிவி மேடையும் நடுவர்களும்தான் ஞாபகம் வருகிறார்கள். ஏழைப் பிள்ளைகளில் ஒரு பாடகனையோ ஓட்டக்காரனையோ பொறுக்கி எடுத்து மேலே கொண்டுபோய்விட்டு, மிச்சப் பேரைக் கைதட்ட வைப்பது. நான் சொல்வது அதை இல்லை. பொறுக்குகிற வேலையே இங்கே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு எதில் கை ஓடுகிறதோ அதை வாசலாக வைத்து உள்ளே கூட்டிப்போவது, பிறகு அந்தத் திறமைக்குள்ளேயே இருக்கிற கணக்கையும் மொழியையும் அறிவியலையும் வெளியே எடுத்துக் காட்டுவது, கடைசியில் ஊர் ஒப்புக்கொள்கிற ஒரு சான்றிதழ் வரை கூடவே நடப்பது. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் பொழுதுபோக்கு.

போர் பார்த்த இடங்களில் இப்படி நிறைய நடந்திருக்கிறது. நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது மட்டக்களப்பில். 1996ல், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, பால் சற்குணநாயகம் என்ற இயேசு சபைப் பாதிரியாரும் பால் ஹோகன் என்ற கனடாக் கலைஞரும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பிள்ளைகளை ஒன்றாக அழைத்து வந்து களிமண், ஓவியம், கதை, நாடகம் என்று பல மாதங்கள் தொடர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். கிழக்கு மாகாணத்தில் அந்த இரண்டு சமூகங்களுக்கும் நடுவே அப்போது எவ்வளவு ரத்தம் ஓடியிருந்தது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தப் பிள்ளைகள் ஒரே மேசையில் களிமண் பிசைந்ததன் கனம் புரியும். பிள்ளைகளை உட்காரவைத்து 'ஒற்றுமையா இருக்கணும்' என்று பாடம் எடுத்தால் அது நடந்திருக்காது, கைகளுக்கு ஒரு பொது வேலை கொடுத்ததால் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

காபூலில் 2007ல் தொடங்கிய ஸ்கேட்டிஸ்தான் இன்னொரு மாதிரி. ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் ஸ்கேட்போர்டோடு போய் இறங்கினார், தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினால் முகம் சுளிக்கிற ஊரில் ஸ்கேட்போர்டுக்கு எதிராக யாரும் ஒரு கட்டுப்பாடும் எழுதி வைத்திருக்கவில்லை, அதனால் பெண்பிள்ளைகளும் நிறைய வந்தார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து அவர்கள் செய்தது: விளையாட வந்த பிள்ளைகளுக்கு வகுப்பறை, பள்ளியே போகாதவர்களுக்கு அரசுப் பாடத்திட்டத்தை வேகமாக முடித்துப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற திட்டம். பலகையில் ஓடுவது வாசல், உள்ளே பள்ளிக்கூடம்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் நாகர்கோவிலிலேயே நடந்திருக்கிறது. 1819ல் இங்கே வந்த மிஷனரித் தம்பதி சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். மார்த்தா தன் பெண்கள் விடுதிப் பள்ளியில் 1821 வாக்கில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். படிப்போடு சேர்த்து லேஸ். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை சட்டப்படி இருந்தது, லேஸ் பின்னிய கூலியில் தங்கள் விடுதலையைக் காசு கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்திருக்கிறார்கள். அது அமைதியான காலமும் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை போடுகிற உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலவரம் விட்டு விட்டு 1859 வரை நீண்டது, ரவிக்கை போட்ட பெண்களைச் சந்தையில் மறித்து அவமானப்படுத்தினார்கள், மிஷன் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள். அந்தச் சூட்டுக்கு நடுவில்தான் ஊசியும் நூலும் எழுத்தும் சேர்ந்த ஒரு கல்வி இங்கே வேர் பிடித்தது. அந்த 91.75க்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். 'இது குலக்கல்விதானே?' 1953ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். எதிர்ப்பு கிளம்பி, 1954ல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். (நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனாலும் அந்தக் கோபம் நமக்கும் சொந்தம்தான்.) தொழிலோடு கல்வி என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டில் ஒரு சந்தேகக் கண் இருக்கும், அது நல்லது. மீனவர் பிள்ளைக்கு வலையும் அகதிப் பிள்ளைக்கு பிரஷ்ஷும் கொடுத்து 'இதுதான் உன் திறமை' என்று ஒருவன் சொன்னால், அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் அவனை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

அதனால்தான் லேஸ் கதையை எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பெண்களின் அம்மாக்கள் யாரும் லேஸ் பின்னியதில்லை. சாதி அவர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த வேலை வேறு, பள்ளிக்கூடம் கொடுத்தது வேறு. எங்கள் வகுப்பிலும் பெயிண்ட் கணக்கு ஒரு தொடக்கம் மட்டும்தான், ஏனென்றால் அது அவர்கள் கையில் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்துக் கணக்குப் பயத்தை உடைத்த பிறகு யாருக்கு எது வேண்டும் என்பதை அவர்களே சொல்கிறார்கள். ஒருவனுக்குச் சுவரோவியம், ஒரு தங்கச்சிக்கு கம்ப்யூட்டரில் டிசைன், இன்னொருவனுக்கு சிங்காரி மேளம். மேளத்தில் என்ன படிப்பு என்று கேட்காதீர்கள், தாளத்தைக் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தவன் பின்னம் புரியாமல் இருக்க மாட்டான்.

கடற்கரைக்கு வருகிறேன். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கோயில் திருவிழா நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் நடுவே தொடங்கிய மோதலும், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்ததும், அது ஊர் ஊராகப் பரவி இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்ததும் நம் அப்பா அம்மாக்களுக்கு நேற்று நடந்த மாதிரி. பிள்ளைகளுக்கு நேரடி நினைவு இல்லை. ஆனால் யாரோடு பழகலாம், எந்த ஊர் வழியே ராத்திரி போகக்கூடாது என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலிருந்தே அவர்களுக்கு இறங்கிவிடுகிறது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் (கரையை விட்டு உள்ளே இருக்கிற ஊர்களை மேடு என்போம்) கடற்கரைப் பையனின் பேச்சைக் கிண்டல் செய்வது இன்னும் நிற்கவில்லை. மூன்று தடவை கிண்டல் கேட்டவன் நான்காவது தடவை கை நீட்டுகிறான், பெயர் 'ரவுடி' ஆகிறது, அப்புறம் ஒருநாள் அப்பாவோடு வள்ளத்தில் ஏறிவிடுகிறான். கொஞ்ச நாளில் ஊர்ச் சண்டை ஏதாவது ஒன்றில் பெயர் சேர்ந்து வழக்கும் வரும்.

அந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் வரை போகின்றன, வாரக்கணக்கில் கடலில் இருக்கிறார்கள். பெரியவர்கள் கரையிலிருக்கிற மலையையும் கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை நேர்வைத்து, இரண்டு கோடும் சேருகிற இடத்தில் பார் (மீன் கூடுகிற கடலடிப் பாறை) இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். பையன்கள் ஜிபிஎஸ்ஸில் அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரி மினிட்டோடு படிப்பார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலை விழுகிற விதத்திலேயே சொல்வார்கள். கரைக்கு வந்தால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் படகுக்காரர் பங்கு, ஆள் பங்கு என்று பிரிக்கிற கணக்கு. ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், புவியியல், சதவீதம். இத்தனையும் தெரிந்த பையனைத்தான் நாம் 'படிப்பு ஏறாதது' என்று அனுப்பி வைக்கிறோம். இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கால்பந்தைச் சொல்லாமல் கடற்கரையைச் சொல்ல முடியாது. இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடியவர், இந்தப் பக்கத்து மணலில் இன்னும் பல பேர் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் கால்பந்து தன்னாலேயே யாரையும் சேர்த்து வைக்காது. டீம் ஊர் பெயரில் இருக்கிறது, தோற்றால் ஊர் தோற்றதாகிறது, டோர்னமென்ட் சண்டை கரைச் சண்டையாகிறது. மட்டக்களப்பில் செய்த மாதிரி கலந்துதான் வைக்க வேண்டும்: ஒரே டீமில் இரண்டு ஊர் பையன்கள், மேட்டுப் பையனும் கரைப் பையனும், முகாமிலிருந்து ஒருவன். ஆட்டம் முடிந்ததும் அதே கூடத்தில் ஒரு மணி நேர வகுப்பு. ஸ்கோர் எழுதுவது, விதிமுறை படிப்பது, நடுவர் பயிற்சி. தொடங்கிய முதல் வாரங்களில் பந்தைத் தன் ஊர்க்காரனுக்கு மட்டுமே கொடுப்பார்கள், பொறுக்க வேண்டும்.

இவையெல்லாம் துப்பாக்கியை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பாலஸ்தீனத்தில் ஜெனின் அகதி முகாமில் ஆர்னா மேர் என்ற பெண்மணி முதல் இன்டிஃபாடா (இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீன மக்கள் எழுச்சி) காலத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார், 1993ல் அதற்காக ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அவரிடம் நடித்த பையன்களில் சிலர் பிறகு ஆயுதம் எடுத்துச் செத்தார்கள். 2002ல் அந்த அரங்கமும் இடிந்தது. 2006ல் அவர் மகன் ஜூலியானோ திரும்பப் போய் ஃப்ரீடம் தியேட்டரைத் தொடங்கினார், 2011ல் அதே ஜெனினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் அந்த நாடகப் பள்ளி அதற்குப் பிறகும் நடந்தது. வெளியே இருக்கிற அநியாயத்தை ஒரு நாடக வகுப்பு சரிசெய்யாது. முகாம் பிள்ளைக்குக் குடியுரிமை தர வேண்டியது அரசு, அதை மேளமும் ஓவியமும் ஈடு செய்ய முடியாது, அதைக் கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது.

சரி, சான்றிதழுக்கு வருகிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ் என்பார்கள், மத்திய அரசின் நிறுவனம், 1989லிருந்து இருக்கிறது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும், ஓவியமும் டேட்டா என்ட்ரியும்கூட அதில் பாடங்கள்தான். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்குள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கிற தேர்வுகளில், தயாரான பாடத்தை மட்டும் எழுதி முடித்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகிற பையனுக்கும் வேலைக்குப் போகிற பையனுக்கும் இதைவிடத் தோதான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. மாநிலப் பாடத்திட்டத்திலேயே எழுத விரும்பினால் தனித்தேர்வராகவும் எழுதலாம். இது தெரியாமலேயே எத்தனையோ பேர் 'பத்தாவது ஃபெயில்' என்ற பெயரோடு முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

எங்கள் கூடத்தில் இப்போது சிலர் பதிந்திருக்கிறார்கள். ஓவியமும் தமிழும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் போல இருக்கிறது, கணக்கும் பரவாயில்லை. ஆங்கிலத்துக்குத்தான் ஆள் இல்லை. பையன்கள் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு வர ஏழு மணி ஆகும், முகாமில் தணிக்கை நாள் (அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கிற நாள்) என்றால் யாரும் வர மாட்டார்கள், கடல் நல்லா இருந்தால் கரைப் பையன்கள் வர மாட்டார்கள். இதற்கெல்லாம் கோபப்படாத, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பஸ் செலவு கொடுத்துவிடுவோம். இலக்கணத்திலிருந்து தொடங்காமல் எஸ்டிமேட்டிலிருந்து தொடங்கச் சம்மதிக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.